திருப்பி விடும் கெராப்பு அடியாழம் போய்ச் சேர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் அவ்வப்போது வெளிவரும் கடல் மீன்பிடிச் செய்திகளையும் படங்களையும் விரும்பிப் பார்க்கும் வாசகர்களுள் நானும் ஒருவன். நம் தோட்டப்புற இளைஞர்கள் நான்கைந்து பேர் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, சிறு படகு ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஆழ்கடலுக்குச் சென்று, கெராப்பு என்னும் களவா மீனைப் பிடித்து வந்து படத்துக்கு நிற்கும் மகிழ்ச்சியில் குறை காண்பது என் எண்ணமன்று. நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். ஆனால் அப்படங்களில் பெரிய மீனுக்குக் கீழே வரிசையாகக் கிடத்தப்பட்டிருக்கும் குட்டிகளைக் காணும்போதும், "சின்னதையெல்லாம் கடலிலேயே விட்டுவிட்டோம்" என்று அவர்கள் நல்லெண்ணத்தோடு சொல்லியிருப்பதைப் படிக்கும்போதும், எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது. முப்பது மீட்டர் ஆழத்திலிருந்து ஏற்றிய கெராப்பைப் படகோரத்தில் வெறுமனே தூக்கிப் போட்டால் அது பெரும்பாலும் கீழே இறங்காமல் மிதந்தே சாகும். அதை அடித்தரைவரை இறக்கிவிட எளிய வழி உண்டு. அந்த வழியை நம் படகுகள் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் வசிப்பது பேராக் மாநிலத்தின் ஆயர் தாவார். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள்; கடல் கண்ணில் படாத ஊர். எனினும் அரை மணி நேரம் காரோட்டினால் லூமுட் பக்கத்து ஜெட்டிகளுக்குப் போய்விடலாம் என்பதால், இங்கும் சித்தியவானிலும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பலர் வார இறுதியில் தூண்டில்காரர்களாக மாறிவிடுகிறார்கள். பங்கோர் தீவுக்குத் தெற்கே ரும்பியா, லாலாங், சாகா முதலிய செம்பிலான் தீவுக் கூட்டம் இருக்கிறது. அதற்கும் அப்பால் மலாக்கா நீரிணையின் நடுப்பகுதியை நோக்கித் தன்னந்தனியாக நிற்கிறது ஜாராக் தீவு. இவற்றைச் சுற்றிலும், இடைப்பட்ட கடலடிப் பாறைகளிலும், மூழ்கிக் கிடக்கும் பழைய கப்பல் சிதைவுகளிலும்தான் கெராப்பு குடியிருக்கிறது.

நாள் பார்ப்பதிலேயே அனுபவம் தெரிந்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மலாக்கா நீரிணையின் நீரோட்டம் மிக வேகமாக இருப்பதால், கனத்த ஈயம் கட்டினாலும் தூண்டில் தரையில் நிற்காது. ஆகவே வளர்பிறை, தேய்பிறை அஷ்டமியையும் அதற்கடுத்த ஓரிரு நாட்களையும், அதாவது தெக்கோங்குகள் எனப்படும் படகோட்டிகள் 'ஆயர் மாத்தி' என்று சொல்லும் மந்த நீர் நாட்களையே, அடிமட்டத் தூண்டிலுக்குத் தேர்ந்தெடுப்பார்கள். வீட்டில் எந்த நல்ல காரியத்தையும் அஷ்டமியில் தொடங்காத குடும்பத்துப் பிள்ளைகள், கடலுக்குப் போவதற்கு மட்டும் நாட்காட்டியில் அஷ்டமியைத் தேடுவதைக் கண்டு வீட்டுப் பெரியவர்கள் முணுமுணுப்பதும் உண்டு.

விடியுமுன் புறப்படும் படகு பெரும்பாலும் இருபதடிக்குச் சற்று மேற்பட்ட ஃபைபர் படகுதான். பனிக்கட்டி நிறைத்த தோங் பெட்டி, உயிர் இறால் வைத்த தொட்டி, காற்று ஊதும் சிறு மோட்டார், தெக்கோங்குடன் நான்கைந்து பேர்: அவ்வளவில் இடம் நிரம்பிவிடும். போகும் வழியில் பல சிறு முட்கள் கோத்த அப்போலோ தூண்டிலைப் போட்டுச் செலார், தம்பான் போன்ற சிறு மீன்களைப் பிடித்துக்கொள்வார்கள். கெராப்புக்கு உயிருள்ள செலாரைவிடச் சிறந்த இரை இல்லை என்று பலரும் சொல்வார்கள், என் அனுபவத்தில் கணவாயும் அதற்குக் குறைந்ததன்று. ஏப்ரல் முதல் நவம்பர்வரையிலான மாதங்களில் பின்னிரவிலோ விடியற்காலையிலோ சுமாத்ராப் பக்கத்திலிருந்து திடீரென்று வீசிவரும் புயல்மழை சிறு படகுகளுக்குப் பெரும் ஆபத்து என்பதால், மேற்கு வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் நல்ல தெக்கோங் கயிற்றை அவிழ்ப்பார். உயிர்காப்பு அங்கியை உட்காரும் மெத்தையாகப் பயன்படுத்தும் வழக்கத்தை நம்மவர்கள் கைவிட வேண்டும் என்பதைத் தவிர இதைப் பற்றி இங்கு அதிகம் சொல்லப் போவதில்லை.

பாறைமேட்டை எதிரொலிக் கருவியில் கண்டதும், நீரோட்டத்துக்கு மேற்புறமாகச் சற்றுத் தள்ளி, பாறைமேல் படாதவாறு நங்கூரம் இறக்கி, தூண்டில் சரியாகப் பாறையின் விளிம்பில் போய்ச் சேரும்படி படகை நிறுத்துவதில்தான் தெக்கோங்கின் திறமை இருக்கிறது. கெராப்பு துரத்தி வேட்டையாடும் மீன் இல்லை. பொந்தின் வாயிலில் அசையாமல் காத்திருந்து, இரை எட்டும் தூரத்தில் வந்ததும் பெரிய வாயை அகலத் திறந்து நீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும்; மறுகணம் பொந்துக்குள் திரும்பும். ஆகவே கடித்த முதல் சில விநாடிகளில் மீனைத் தரையிலிருந்து இரண்டு மூன்று மீட்டராவது தூக்கிவிட வேண்டும். நூலைத் தளர விட்டால் அது உள்ளே புகுந்து துடுப்புகளையும் செவுள் மூடிகளையும் விரித்து இறுக்கிக்கொள்ளும். அப்படி மாட்டிக்கொண்ட மீனை இழுத்து நூலை அறுத்துக்கொள்பவர்களே அதிகம். நூலைச் சற்றுத் தளர்த்திவிட்டுச் சில நிமிடங்கள் பொறுத்திருந்தால், ஆபத்து நீங்கியதென்று நினைத்து அதுவாகவே வெளியே வருவதும் உண்டு.

கடித்தவுடன் விடாமல் வேகமாகத் தூக்குவதென்பது இந்த மீன்பிடியின் இலக்கணமாகவே ஆகிவிட்டது. மீனின் உடலுக்குள் கேடு நேர்வதும் இந்த ஏற்றத்தில்தான். நீர்மட்டத்தில் இருக்கும் அழுத்தத்தை ஒரு மடங்கு என்று கொண்டால், ஒவ்வொரு பத்து மீட்டர் ஆழத்துக்கும் இன்னொரு மடங்கு கூடுகிறது. முப்பது மீட்டரில் அது நான்கு மடங்கு. அந்த ஆழத்தில் வாழும் கெராப்பின் காற்றுப்பையில் உள்ள வாயு, நீர்மட்டத்துக்கு வந்ததும் நான்கு மடங்காக விரிகிறது. கெண்டை போன்ற நன்னீர் மீன்களுக்குக் காற்றுப்பையிலிருந்து தொண்டைக்கு ஒரு குழாய் இருப்பதால் மிகுந்த காற்றை அவை வாய் வழியே வெளியேற்றிவிடும். கெராப்புக்கு அந்தக் குழாய் கிடையாது. வாயு இரத்தத்தின் வழியாக மெல்ல மெல்லத்தான் கரைந்து வெளியேற வேண்டும், அதற்கு ஒரு நிமிட ஏற்றம் எந்த மூலைக்கும் போதாது. விளைவாக வயிறு உப்புகிறது, கண்கள் பிதுங்குகின்றன, வாய் வழியே இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு பை வெளித்தள்ளுகிறது. இந்த நிலையில் கடலில் போடப்படும் மீன், எவ்வளவு துடித்தாலும் கீழே இறங்க முடியாமல் மல்லாந்து மிதக்கும். வெயிலும் கடற்பறவைகளும் மீதியை முடித்துவிடும்.

வாய்க்கு வெளியே தெரியும் அந்தப் பையைக் காற்றுப்பை என்று நினைத்து, கத்தி முனையாலோ தூண்டில் முள்ளாலோ குத்திவிட்டு, "காற்று இறங்கிவிட்டது, இனி பிழைத்துக்கொள்ளும்" என்று சொல்பவர்களை அநேகமாக எல்லாப் படகுகளிலும் பார்க்கிறேன். அது காற்றுப்பை இல்லை; விரிந்த காற்றுப்பையால் வெளியே தள்ளப்பட்ட இரைப்பை. அதைக் குத்தினால் இரைப்பையில் ஓட்டை விழுவது மட்டுமே மிச்சம். உண்மையான காற்றுப்பை உடலுக்குள் முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. மார்புத் துடுப்புக்குப் பின்னால் செதிலுக்கடியில் உள்ளீடற்ற ஊசியைச் செலுத்தி வாயுவை வெளியேற்றும் முறை ஒன்று இருக்கிறது என்றாலும், இடம் சற்றுத் தவறினால் ஈரலையோ குடலையோ துளைத்துவிடும் என்பதால், அலையில் ஆடும் படகில் பயிற்சியில்லாத கைகளுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இதைவிடப் பாதுகாப்பானது, மீனை வந்த ஆழத்துக்கே திருப்பி இறக்குவதுதான். அழுத்தம் மீண்டும் கூடியதும் வாயு தானாகவே பழைய அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. மீனுக்கு ஊசி போட வேண்டியதில்லை. இதற்கான கருவியைக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பதும் இல்லை. பெரிய தூண்டில் முள் ஒன்றை எடுத்து அதன் எதிர்முள்ளை (மீன் கழன்றுவிடாமல் பிடிக்கும் சிறு கொக்கியை) அரத்தால் முழுவதும் தேய்த்துவிட வேண்டும். வழக்கமாக நூல் கட்டும் கண்ணில் ஒன்று முதல் ஒன்றரை கிலோ ஈயத்தைத் தொங்கவிட்டு, இறக்கும் நூலை முள்ளின் வளைவில் கட்ட வேண்டும். அதாவது முள் தலைகீழாகத் தொங்கும். மீனின் உதட்டு ஓரத்தில் முள்ளை மாட்டித் தண்ணீரில் விட்டால் ஈயத்தின் கனம் அதைக் கீழே கொண்டுபோகும். தரையைத் தொட்டதும் நூலைச் சட்டென்று மேல்நோக்கி ஒரு சுண்டு சுண்டினால் எதிர்முள் இல்லாத அந்த முள் கழன்றுவிடும். இதுவும் வேண்டாமென்றால், சந்தையில் காய்கறி அடுக்கும் பிளாஸ்டிக் கூடை ஒன்றின் விளிம்பைச் சுற்றி ஈயம் கட்டி, அடிப்புறத்தில் கயிறு பிணைத்து, மிதக்கும் மீனின்மேல் கவிழ்த்து அப்படியே இறக்கலாம். தரையில் சேர்ந்தபின் கூடையைத் தூக்கினால் மீன் அடியில் தங்கிவிடும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று குட்டிகள் ஏறிவிட்டால் கூடைதான் வசதி.

அமெரிக்காவில் மெக்சிகோ வளைகுடாவின் கூட்டரசுக் கடற்பகுதியில் பாறை மீன் பிடிக்கும் படகுகள், இப்படி இறக்கும் கருவியையோ வாயு நீக்கும் ஊசியையோ உடனடியாகப் பயன்படுத்தும் நிலையில் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் சட்டமே நடைமுறைக்கு வந்தது. இங்கே நான் கேட்பது சட்டம் இல்லை, படகு வழக்கம். ஐஸ் வாங்க மறக்காத படகு, ஈயம் கட்டிய ஒரு கூடையையும் மறக்காமல் ஏற்றிக்கொள்ளட்டும் என்பதுதான்.

எந்த மீனை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்பதிலும் நம்மிடையே தெளிவு போதாது. உலகில் உள்ள சுமார் 160 வகைக் கெராப்புகளில் பெரும்பாலானவை பெண்ணாகவே முதிர்ச்சியடைந்து, வளர்ந்தபின் அவற்றுள் சில ஆணாக மாறுகின்றன. நம் கரையில் அதிகம் கிடைக்கும், உடலெங்கும் ஆரஞ்சுப் புள்ளிகள் கொண்ட வகை, இரண்டு மூன்று வயதில் 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளத்தை எட்டும்போதுதான் பெண்ணாக முட்டையிடத் தகுதி பெறுகிறது. அது ஆணாக மாறுவது 55 முதல் 75 சென்டிமீட்டர் நீளத்தில். ஆகவே அரைக் கிலோ மீனைத் தட்டில் வைக்க ஏற்ற அளவென்று எடுத்துக்கொள்ளும் நாம், ஒரு முறையேனும் முட்டையிட்டிருக்குமா என்று சொல்ல முடியாத பெண் மீனை எடுத்துக்கொள்கிறோம். பால்மரத் தோட்டத்தில் வேலை பார்த்த குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: அடிமரத்தின் சுற்றளவு சுமார் 45 சென்டிமீட்டர் வருமுன் மரத்தில் கத்தி வைக்க மேற்பார்வை செய்யும் எந்த மண்டோரும் விடமாட்டார், அதற்கு ஐந்தாறு ஆண்டுகள் பொறுத்திருந்தவர்கள் நம் தாய் தந்தையர்.

சிறியதை விட வேண்டும் என்பதை எல்லோரும் எளிதில் ஒப்புக்கொள்வார்கள். மிகப் பெரியதையும் விடலாமே என்று சொன்னால்தான் முகம் சுளிப்பார்கள். ஒரு பாறையில் பல பெண் மீன்களுக்கிடையே ஆணாக மாறிய ஒன்றிரண்டு பெரிய மீன்களே இருக்கும். பெரியது ஒன்றையே குறிவைத்துப் பிடித்துக்கொண்டிருந்தால் அந்தப் பாறையில் ஆணே இல்லாமல் போகும். கெர்தாங் எனப்படும் பெருங்கெராப்பு இரண்டரை மீட்டருக்கும் மேல் வளரக்கூடியது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்சிலும் அதைப் பிடிக்கவே அனுமதியில்லை. அத்தகைய மீனை வீட்டுக்குக் கொண்டுவந்து, வெட்டிப் பங்கு போட்டு, சுவையில்லை, சதை முரடாக இருக்கிறது என்று அலுத்துக்கொள்வதைக் கேட்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. நடுத்தர அளவில் உள்ள இரண்டு மீன் ஒரு குடும்பத்துக்கு ஒரு வாரக் குழம்புக்குப் போதும்.

இதற்கு எழும் மறுப்புகளை நான் அறிவேன். இழுவைப் படகுகள் குஞ்சும் குருமானும் அள்ளிக்கொண்டு போகும்போது, ஒற்றை நூல் பிடிப்பவனிடம் வந்து உபதேசம் செய்வதா என்பது முதலாவது. இழுவை வலை பற்றிய மனக்குறை நியாயமானது. 1980களில் வகுக்கப்பட்ட வலய முறை கரையோரக் கடலைச் சிறு மீனவர்களுக்கென்று ஒதுக்கியும் அத்துமீறல் பற்றிய புகார்கள் ஓய்ந்தபாடில்லை. ஆனால் இழுவை வலை சேற்றுத் தரையிலும் மணல் தரையிலும் இழுக்கப்படுவது. கரடுமுரடான பாறையில் இழுத்தால் வலை கிழிந்துவிடும். முதிர்ந்த கெராப்பு வாழும் பாறைப் பொந்துகளை எட்டிப் பிடிப்பவை தூண்டிலும் பூபு எனும் மீன்பொறிக் கூண்டும்தான். இந்த ஒரு மீனைப் பொறுத்தவரை நம் கை சின்னக் கை என்று சொல்லித் தப்பிக்க இயலாது.

பணம் கட்டிப் படகேறியவன் மீனைத் திருப்பி விடுவானா என்பது இரண்டாவது. படகு வாடகை, பெட்ரோல், இரை எல்லாம் சேர்ந்தால் ஒரு தோட்டத் தொழிலாளிக்குப் பெருந்தொகைதான். வெறுங்கையோடு வீடு திரும்பச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆயினும் கெராப்பு கறி சாப்பிடுவதுதான் நோக்கமென்றால், சந்தையில் கூண்டு வளர்ப்புக் கெராப்பு கிடைக்கிறது. மலேசிய சபா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புலிக் கெராப்பையும் பெருங்கெராப்பையும் கலந்து உருவாக்கிய கலப்பினம் விரைவாக வளர்வதால் இன்று பல நாடுகளில் வளர்க்கப்படுகிறது. அந்தக் கூண்டுகளுக்குத் தீனியாகப் போடுவது பெரும்பாலும் கடலில் பிடித்த சிறு மீன்களே என்பதால் அதையும் குறையற்ற மாற்றாக நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு நாள் முழுக்க அலையில் ஆடி, வெயிலில் கருகி, நூல் விரலை அறுக்கப் பாறையோடு போராடுபவன் தேடிப் போவது வெறும் கறியை மட்டும் இல்லை என்பது அவனுக்கே தெரியும்.

மூன்றாவது மறுப்பு உண்மையிலேயே வலுவானது: இறக்கிவிட்டால் எல்லாம் பிழைத்துவிடுமா? பிழைக்காது. முள்ளை ஆழமாக விழுங்கியதும், படகுத் தட்டில் வெயிலில் நெடுநேரம் கிடந்ததும், படம் எடுப்பதற்காகச் செவுளில் விரல்விட்டுத் தூக்கப்பட்டதும் அடியாழம் போனாலும் தேறுவது கடினம். ஆகவே உதட்டோரத்தில் மாட்டும் வட்ட முள்ளைப் பயன்படுத்துவதும், கையை நனைத்துக்கொண்டு மீனைப் பிடிப்பதும், முள்ளைக் கழற்றும் குறட்டைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பதும் கூடையைப் போலவே முக்கியம். தொடர்ந்து குட்டிகளே கடித்துக்கொண்டிருந்தால் நங்கூரத்தைத் தூக்கிவிட்டு வேறு பாறைக்குப் போகும்படி தெக்கோங்கிடம் சொல்ல வேண்டும். வாடகை கொடுப்பவர் கேட்டால் எந்தத் தெக்கோங்கும் மறுப்பதில்லை, கேட்பவர்தான் இல்லை.

இனி என் வேண்டுகோளுக்கு வருகிறேன். நம் தோட்டப் பட்டணங்களில் இளைஞர் மன்றங்களும் நண்பர் குழுக்களும் நடத்தும் கடல் தூண்டில் போட்டிகளில் பரிசு எப்போதும் அதிக எடையுள்ள மீனுக்கே போகிறது. எடை போட வேண்டுமென்றால் மீன் கரைக்கு வந்தாக வேண்டும். கரைக்கு வந்த கெராப்பு திரும்பிப் போகாது. இதற்கு மாறாக, அளவுகோல் ஒட்டிய பலகையில் மீனைக் கிடத்திப் படகிலேயே படம் எடுத்து, நீளத்தை வைத்துப் பரிசு தரலாம். அன்றைக்கென்று ஓர் அடையாளச் சீட்டைக் கொடுத்து அதையும் படத்தில் வைக்கச் சொன்னால் ஏமாற்றுக்கும் இடமிராது. ஏற்பாட்டாளர்கள் ஒவ்வொரு படகுக்கும் ஈயம் கட்டிய கூடை ஒன்றைப் பதிவுக் கட்டணத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம். பரிசுக் கோப்பைக்கு ஆகும் செலவை நினைத்தால் இது ஒரு பொருட்டே இல்லை.

தங்கள் நாளிதழும் இதில் உதவ முடியும். மீன்பிடிப் படம் அனுப்புகிறவர்களிடம் மீனின் நீளம், பிடித்த ஆழம், எத்தனை மீன் எவ்வாறு திருப்பி இறக்கப்பட்டன என்ற விவரங்களையும் கேட்டு வாங்கிப் படத்தின் கீழ் ஒரு வரியில் வெளியிடுமாறும், குட்டிகளை வரிசையாகப் பரப்பிவைத்த படங்களைத் தவிர்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். பள்ளி விடுமுறையில் நம் பக்கத்தில் போட்டிகள் நடப்பது வழக்கமாதலால், அதற்கு முன்பாகவே இக்கடிதம் வெளிவந்தால் ஏற்பாட்டாளர்கள் விதிகளை மாற்றிக்கொள்ள அவகாசம் இருக்கும். கூடைக்கு ஈயம் கட்டும் முறையைப் படம் வரைந்து அனுப்பச் சொன்னாலும் அனுப்பிவைக்கிறேன்.

இங்ஙனம்,
தூண்டில்கார வாசகர் ஒருவர்,
ஆயர் தாவார், பேராக்.